ஓமந்தைச் சாலையும் கஞ்சாச் சட்டமும்

வவுனியாவிலிருந்து ஏ-9 வீதி வழியே யாழ்ப்பாணம் நோக்கிச் செல்வோர் நகரைக் கடந்து சிறிது தூரத்திலேயே ஓமந்தையை அடைவர். குளமும் வயலும் சூழ்ந்த சாதாரண வன்னிக் கிராமம் அது. ஆயினும் கடந்த கால் நூற்றாண்டில் அதன் பெயரை அறியாத தமிழர் இலர். 2002 ஏப்ரலில் போர்நிறுத்தத்தின் பின்னர் வீதி திறக்கப்பட்டபோது அரசாங்கத்தின் சோதனைச் சாவடி அங்கேதான் அமைந்தது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலிருந்து உயிர் தப்பிவந்த பல்லாயிரக்கணக்கான மக்கள் அங்கேதான் வரிசையாக நிறுத்தப்பட்டுப் பிரித்தெடுக்கப்பட்டனர். 2015இல் அச்சாவடி அகற்றப்பட்டது.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் ஓமந்தையின் பெயர் செய்தித்தாளில் வரும்போதெல்லாம் இன்னொரு பெயரும் உடன் வந்தது: கேரளக் கஞ்சா. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு செல்லும் பஸ்ஸில் ஒரு பொதி. வெங்காய லொறியில் ஒரு மூடை. பிடிபட்டவர் வயது இருபத்துச் சொச்சம். நீதவான் விளக்கமறியலில் வைக்க உத்தரவிட்டார். செய்தி இவ்வளவோடு முடிந்துவிடும். இதே காலத்தில், கொழும்பிலே, வேறொரு பேச்சும் எழுந்து வளர்ந்தது. 2022 நவம்பரில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க தமது வரவுசெலவுத் திட்ட உரையில், ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடுவது பற்றி ஆராய நிபுணர் குழு அமைக்கப்படும் என்றார். 2025இல், மற்றோர் அரசாங்கத்தின் கீழ், மீரிகமையில் 64 ஏக்கர் நிலத்தில் இப்பயிரைச் செய்வதற்கு ஏழு முதலீட்டாளர்களுக்கு அனுமதி வழங்க முதலீட்டுச் சபை முன்வந்தது. ஒரு வீதியில் மறியலுக்குக் கொண்டுசெல்லும் பொருள், வேறொரு நிலத்தில் அந்நியச் செலாவணிக்குரிய பொருளாக எவ்வாறு மாறுகிறது? கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் இன்று உலகெங்கும் நடைபெறுகிறது. நாம் அவ்விவாதத்தை வன்னியிலிருந்து, வரலாற்று நோக்கில் அணுக விரும்புகிறோம்.

வன்னிக்கும் இச்செடிக்கும் உள்ள தொடர்பு நேற்று ஏற்பட்டதன்று. 1660இல் திருகோணமலையை அடுத்த கொட்டியாரத்தில் பிடிபட்டு, ஏறத்தாழ இருபதாண்டுகள் கண்டி இராச்சியத்தில் கைதியாயிருந்த ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ் என்பவரை மாணவர்கள் அறிவர். அவர் சிறுவியாபாரியாக வேடம் பூண்டு, தப்பியோடுவதற்கு வழி தேடி, வன்னிக்குத் தெற்கெல்லையாகக் கிடக்கும் நுவரகலாவிய நாட்டில் ஆண்டுகள் பலவாக அலைந்தார். அது வரட்சிக் காலம். குட்டைகளில் தேங்கிய அழுக்கு நீரையே அவரும் அவர் தோழரும் குடிக்க நேர்ந்தது. காய்ச்சல் அவர்களை வாட்டிற்று. அப்பொழுது ஒரு காய்ந்த இலையைப் பொடியாக்கிச் சர்க்கரையுடன் சேர்த்துக் காலையும் மாலையும் வெறுவயிற்றில் உண்ணக் கற்றுக்கொண்டதாகவும், அதன் பின்னர் அந்நீர் தங்களைத் தாக்கவில்லை என்றும், தலை சிறிது சுற்றுமேயன்றி வேறு கெடுதி எதுவும் இல்லையென்றும் 1681இல் வெளிவந்த தமது நூலில் அவர் எழுதினார். போர்த்துக்கேயர் வழக்கில் 'பங்கா' என அவர் பெயர் குறித்த அவ்விலை கஞ்சாவேயாம். 1679இல் மல்வத்து ஓயாவின் கரை வழியே, நாம் அருவியாறு என்றழைக்கும் அதே ஆற்றின் வழியே, காடு கடந்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அவர் அடைந்தார்.

காய்ச்சலுக்கு அந்த இலை உண்மையில் மருந்தானதா என்பது வேறு விடயம், நொக்ஸ் மருத்துவரல்லர். நாம் கவனிக்க வேண்டியது, மலேரியாக் காய்ச்சலும் வரட்சியும் நிலைகொண்ட அக்காட்டுப் பிரதேசத்துச் சாதாரண மக்களிடமிருந்து அந்த அறிவு அவருக்குக் கிடைத்தது என்பதே. அது அங்கிருந்து இலண்டனுக்கும் சென்றது. 1689இல் றோயல் சங்கத்தில் றொபேட் ஹூக் என்னும் விஞ்ஞானி இச்செடியைப் பற்றிச் சொற்பொழிவாற்றியபோது, தமக்கு விபரம் தந்தவர் கீழைத்தேசத்திற் பழகிய ஒரு நண்பர் என்றார். அந்நண்பர் நொக்ஸே என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். கஞ்சாவைப் பற்றி ஆங்கில விஞ்ஞான உலகில் நடந்த முதற் பேச்சுக்களில் ஒன்றுக்கு ஆதாரம், இலங்கையின் வரண்ட பிரதேசத்து ஏழைக் குடியானவனின் அனுபவமேயாகும். நூல்களில் அவன் பெயர் இல்லை.

சித்த மருத்துவர் இதனைச் சிவமூலி என்றனர். ஆயுர்வேதத்தில் மதன மோதகம் முதலிய மருந்துகளில் இது சேர்க்கப்படுகிறது. வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, வலி ஆகியவற்றுக்குச் சிறிதளவில் இதனைப் பயன்படுத்திய மரபு இருந்தது. சுத்தி செய்யாமற் கொடுக்கலாகாது என்ற கட்டுப்பாடும் அம்மரபிலேயே இருந்தது. மூலிகை என்றால் தீங்கற்றது என்று இக்காலத்தில் மேடையேறிச் சொல்வோர், பழைய வைத்தியர் இதனை நச்சுப் பொருள்களுடன் சேர்த்து எண்ணியதை மறந்துவிடுகின்றனர்.

பிரித்தானிய ஆட்சி வந்தபோது சட்டம் வந்தது. ஆயினும் அச்சட்டம் மக்களின் ஆரோக்கியத்தை எண்ணிப் பிறந்ததென்று கொள்வதற்கில்லை. 1867இல் இலங்கையில் இயற்றப்பட்ட அபின், பங்கு பற்றிய கட்டளைச் சட்டம் விற்பனையை உரிமம் பெற்றோருக்கு மட்டும் உரியதாக்கிற்று. உரிமத்திற்குக் கட்டணம் உண்டு. கட்டணம் திறைசேரிக்குச் சேரும். சாராயக் குத்தகையினால் அரசாங்கம் பெரும் வருமானம் ஈட்டிய காலம் அது. மறுபுறம், தோட்ட முதலாளிகளுக்கு வேறொரு கவலை இருந்தது. தென்னாபிரிக்காவின் நேட்டாலில் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியக் கூலிகள், அவர்களுள் பெருந்தொகையினர் தமிழர், கஞ்சா புகைப்பதையும் வைத்திருப்பதையும் விற்பதையும் 1870ஆம் ஆண்டுக் கூலிச் சட்டம் தடைசெய்தது. தடை கூலிகளுக்கு மாத்திரமே. ஜமேக்காவில் இச்செடிக்கு இன்றும் 'கஞ்சா' என்ற நம்மவர் சொல்லே வழங்குகிறது; ஒப்பந்தக் கூலிகள் கப்பலில் கொண்டுசென்ற சொல் அது. 1913இல் அங்கும் தடைச்சட்டம் வந்தது. உழைப்பாளியின் கை ஓய்ந்துவிடக் கூடாது என்ற அச்சமும், உழைப்பாளியின் சில்லறைக் காசு திறைசேரிக்கு வந்துசேர வேண்டும் என்ற ஆசையும் ஒரே ஆட்சியின் இரு முகங்களாக இருந்தன.

இவ்விடத்தில் 1893-94ஆம் ஆண்டுகளின் இந்தியக் கஞ்சா ஆணைக்குழுவைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். எமது பாடநூல்களில் இதற்கு ஒரு வரியேனும் இடமில்லை. 1893 மார்ச்சில் பிரித்தானியப் பொதுமக்கள் சபையில், மதுவிலக்கு இயக்கத்தைச் சேர்ந்த கெயின் என்ற உறுப்பினர் எழுப்பிய கேள்வியின் விளைவாக அது நியமிக்கப்பட்டது. மக்வேர்த் யங் என்பவர் அதன் தலைவர். உறுப்பினருள் இந்தியர் மூவர். நாடெங்கும் சென்று 1,193 சாட்சிகளை விசாரித்து, மூவாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையை 1894இல் அவர்கள் சமர்ப்பித்தனர். மருத்துவர், கலெக்டர், பாதிரிமார், விவசாயிகள், சாதுக்கள் எனப் பலதரப்பட்டவர்களும் சாட்சி கூறினர். சென்னை மாகாணத்தில் சவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசல் முதலிய இடங்களின் கஞ்சாப் பயிரும் விசாரணைக்கு உட்பட்டது.

அவ்வறிக்கையில் மிகவும் பயன்தரும் பகுதி பைத்தியசாலைகளைப் பற்றியது. கஞ்சா மனிதனைப் பைத்தியமாக்கும் என்பதற்கு அதுவரை காட்டப்பட்ட பெரிய ஆதாரம் பைத்தியசாலைப் புள்ளிவிபரமே. ஆணைக்குழு அப்புள்ளிவிபரத்தை மேலெழுந்தவாரியாக ஏற்றுக்கொள்ளாது, ஒவ்வொரு நோயாளியின் பத்திரத்தையும் எடுத்துப் பார்த்தது. பார்த்தபோது வெளிப்பட்டது யாதெனில், நோயாளியைக் கொண்டுவந்து சேர்க்கும் பொலிஸ்காரன் 'நோய்க்குக் காரணம்' என்ற இடத்தை ஏதாவது எழுதி நிரப்ப வேண்டியிருந்தது என்பதே. வீதியில் அலைந்த அநாதைக்கு வரலாறு ஏது? கஞ்சா என்று எழுதிவிடுவது சுலபமாக இருந்தது. அந்த எழுத்தே மருத்துவரின் ஏட்டுக்கும், அங்கிருந்து மாகாண அறிக்கைக்கும், அங்கிருந்து பாராளுமன்றத்துக்கும் ஏறிச் சென்று விஞ்ஞான உண்மையாகிவிட்டது. ஆசிரியராக இருப்போர் இதனை மாணவர்களுக்குச் சொல்லிக் காட்டலாம். புள்ளிவிபரம் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பதரிது.

மிதமான உபயோகத்தினால் உடலுக்கோ மனத்துக்கோ ஒழுக்கத்துக்கோ குறிப்பிடத்தக்க தீங்கில்லை. மிகையான உபயோகம் தீங்கானது. முழுத்தடை அவசியமுமன்று, நடைமுறைக்கு ஏற்றதுமன்று என்பது பெரும்பான்மையோரின் முடிவு. தடைசெய்தால் மக்கள் அதனினும் கொடிய போதைகளை நாடுவர் எனவும், சிவனடியார்களின் வழக்கத்தில் கைவைத்தால் அரசியற் கொந்தளிப்பு ஏற்படும் எனவும் அவர்கள் அஞ்சினர். உரிமம், தீர்வை, பயிரிடும் பரப்பைக் கட்டுப்படுத்தல் என்பனவே அவர்கள் கூறிய வழி. தீர்வை வருமானத்தை விட ஏகாதிபத்தியத்துக்கு மனமில்லை என்பதையும் நாம் காணாமலிருத்தல் ஆகாது. நோக்கம் யாதாயினும், திரட்டப்பட்ட சாட்சியம் சாட்சியமே.

அறிக்கை அலுமாரியில் உறங்கிற்று. முப்பதாண்டுகளின் பின்னர், 1924-25இல் ஜெனீவாவில் கூடிய அபின் மாநாட்டில், எகிப்தியப் பிரதிநிதி எல் கிண்டி ஹஷீஷ் என்னும் கஞ்சாப் பிசினையும் சேர்க்க வேண்டுமென வாதாடினார். அபினைப் பற்றிப் பேச வந்தவர்கள் பெரும்பாலும் ஆயத்தமின்றியே அதற்கு இணங்கினர். அவ்வாறு 1925ஆம் ஆண்டுச் சமவாயத்தில் 'இந்தியக் கஞ்சா' இடம்பெற்றது. இலங்கையில் அதன் எதிரொலியே 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். டொனமூர் ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்து, சர்வசன வாக்குரிமை வர இரண்டாண்டுகள் இருந்த வேளை அது. இந்நாட்டு மக்களில் மிகச் சிறு பகுதியினரே வாக்களிக்கக்கூடியவராயிருந்த காலத்தில் இயற்றப்பட்ட அச்சட்டம், பல திருத்தங்களுடன் சுதந்திரத்துக்குப் பின்னும் நீடித்தது.

1961ஆம் ஆண்டு விசித்திரமானது. அவ்வாண்டில் ஐக்கிய நாடுகளின் ஒற்றைச் சமவாயம் கஞ்சாவை மிகக் கடுமையான அட்டவணையில் ஹெரோயினுடன் சேர்த்து வைத்து, பாரம்பரிய உபயோகம் இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் ஒழிய வேண்டுமென விதித்தது. அதே ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் ஆயுர்வேதச் சட்டத்தை நிறைவேற்றி, சுதேச வைத்தியர் அனுமதியுடன் கஞ்சாவை மருந்தில் உபயோகிக்க இடமளித்தது. ஒரு கை தடுத்தது. ஒரு கை கொடுத்தது. இந்தியா தனக்குக் கிடைத்த தவணையைப் பயன்படுத்தி 1985 வரை சமாளித்து, பின்னர் இயற்றிய சட்டத்திலும் 'கஞ்சா' என்பதற்குப் பூத்த, காய்த்த நுனிகள் என்று வரைவிலக்கணம் கூறி, இலையை விலக்கிவிட்டது. வடஇந்தியாவிற் பங்கு அருந்தும் வழக்கம் பிழைத்தது அவ்வாறே.

இதற்கிடையில் மேற்குநாடுகளிலும் ஆணைக்குழுக்கள் அமைந்தன. 1968இல் பிரித்தானியாவில் வூட்டன் குழு, 1972இல் அமெரிக்காவில் ஷேஃபர் ஆணைக்குழு. தனிப்பட்ட முறையில் சிறிதளவு வைத்திருப்போனைச் சிறைக்கு அனுப்புவது அறிவுடைமையன்று என்பதே இரண்டும் கூறியதன் சாரம். ஷேஃபர் ஆணைக்குழுவை நியமித்த நிக்சனே அதன் முடிவை நிராகரித்தார். ஆணைக்குழு நியமிப்பதும் அதன் சொல்லைக் கேளாதிருப்பதும் ஆளும் வர்க்கத்தின் பழைய பழக்கம். இலங்கையர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

1984இல் இலங்கை தனது கட்டளைச் சட்டத்தைத் திருத்தி, ஹெரோயின் முதலியவற்றைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கடத்துவோர்க்கு மரணதண்டனையை வகுத்தது; கஞ்சாவுக்கான தண்டனைகளும் கடுமையாயின. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் அவ்வாண்டிலேயே உருவாயிற்று. நாற்பதாண்டுகள் கழிந்தன. தென்கிழக்கே மொனராகலை, தணமல்வில, அம்பாந்தோட்டைக் காடுகளில் சேனைகளுக்கு நடுவே கஞ்சா வளர்ந்துகொண்டேயிருந்தது. விசேட அதிரடிப்படை அதனைப் பிடுங்கி எரித்துக்கொண்டேயிருந்தது. வடக்கே கடல்வழி திறந்தது. கேரளக் கஞ்சா என்று நம்மவர் பெயரிட்டாலும், அதில் பெரும்பகுதி ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளிலிருந்து தமிழ்நாட்டுக் கரைக்கு வந்து, அங்கிருந்து படகேறுவது. மன்னாரிலும் வடமராட்சியிலும் கரையிறங்கும் பொதி தெற்குக்குப் போவதற்கு ஏ-9 வீதியே முக்கியமான தரைவழி. ஓமந்தை அதன் வாயில்.

முப்பதாண்டுப் போரில் வலை இழந்து, படகு இழந்து, பின்னர் இழுவைப் படகுகளினால் மீனும் இழந்த கரையோரத்து இளைஞனுக்கு ஒரு பொதியைச் சுமந்து சென்றால் கிடைக்கும் கூலி, பல நாட் கடற்றொழிலில் கிடைக்காதது. வன்னியின் இளைஞன் நிலையும் வேறன்று: நிலம் இருந்தால் நீர் இல்லை, நீர் இருந்தால் நிலத்துக்கு உறுதி இல்லை, வன இலாகா கல் நட்டிருக்கும். அவனுக்குக் கூலி கொடுத்தவன் யார் என்பது செய்தித்தாளில் வருவதில்லை. எங்கும் இராணுவ முகாம்கள் நிறைந்த மாகாணத்தில் இவ்வளவு பொருள் எவ்வாறு கடந்து செல்கிறது என்று எமது மக்கள் வெளிப்படையாகவே கேட்டு வருகின்றனர். அக்கேள்விக்குப் பொறுப்பான பதில் கூறுவது அரசாங்கத்தின் கடமை.

2023 டிசம்பரில் 'யுக்திய' என்ற பெயரில் நாடளாவிய வேட்டை தொடங்கிற்று. பல்லாயிரக்கணக்கானோர் கைதாயினர். ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் 2024 ஜனவரியில் அதனை இடைநிறுத்திப் பரிசீலிக்குமாறு கேட்டனர். கைதானோரில் மிகப் பெரும்பாலார் ஏழைகள், சிறிதளவு வைத்திருந்தோர், தண்டப்பணம் கட்ட வழியின்றி மறியலுக்குப் போவோர். அவர்களை அனுப்பிவிட்டு, அரசாங்கம் மதுவரித் திணைக்களத்தின் வருமானத்தை எண்ணிக்கொண்டிருக்கிறது. 1912இல் மதுவரிக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்த அரசாங்கம் செய்ததும் இதுவே. சாராயத்தினால் வன்னிக் குடும்பங்களில் விளையும் அழிவை அறியாத ஆசிரியர் எவரும் இலர். அதற்கு உரிமம் உண்டு.

இனி, சட்டபூர்வமாக்குவோரின் வாதத்துக்கு வருவோம். 2017இல் சுகாதார அமைச்சராயிருந்த ராஜித சேனாரத்ன இங்கிரியவில் மருத்துவத் தேவைக்காக நூறு ஏக்கரில் கஞ்சாத் தோட்டம் அமைக்கப்போவதாகக் கூறினார். பின்னர் இராஜாங்க அமைச்சராயிருந்த டயானா கமகே ஏற்றுமதி, உல்லாசப் பிரயாணம் என்று பேசினார். 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் டொலர் கிடைக்கும் வழி எதுவானாலும் சரி என்ற மனோநிலையில் இவ்வாதம் பலம் பெற்றது. இவற்றில் எங்கும் மறியலில் இருப்பவனைப் பற்றிய பேச்சில்லை. சேனையில் நாலு செடி வைத்தவனைப் பற்றிய பேச்சில்லை. செடியை விடுவிக்கிறார்கள், மனிதனை விடுவிக்கவில்லை.

உலக அனுபவமும் ஒரே மாதிரியானதன்று. 2013இல் முஹிக்கா ஜனாதிபதியாயிருந்த உருகுவே, உற்பத்தியையும் விலையையும் அரசின் கட்டுப்பாட்டில் வைத்து, வீட்டில் ஆறு செடி வரை வளர்க்க இடமளித்தது. 2018இல் கனடா அனுமதித்தபோது பங்குச்சந்தைக் கம்பனிகள் முந்திக்கொண்டன. தாய்லாந்து 2022 ஜூனில் போதைப்பொருட் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கிவிட்டு, ஒழுங்குபடுத்தும் சட்டத்தை இயற்றாமல் விட்டது. தெருவுக்குத் தெரு கடைகள் முளைத்தன. 2025இல் மருத்துவச் சீட்டின்றி விற்கலாகாதென்று திரும்பவும் கயிற்றை இறுக்க நேர்ந்தது. ஐக்கிய நாடுகளின் ஆணைக்குழுவும் 2020 டிசம்பரில் 27க்கு 25 என்ற வாக்குகளால் கஞ்சாவை மிகக் கடுமையான அட்டவணையிலிருந்து நீக்கியது.

தீங்கைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். 1964இல் மெக்கூலம், கயோனி என்னும் விஞ்ஞானிகள் இச்செடியின் மயக்கப் பொருளைப் பிரித்தறிந்த பின்னர் ஆராய்ச்சி வெகுதூரம் சென்றுள்ளது. வலிப்பு நோயின் சில கடுமையான வகைகளுக்கு இதிலிருந்து மருந்து கிடைத்துள்ளது. பதின்ம வயதில் தொடங்கி நாள்தோறும் புகைப்போரிடம், அதிலும் வீரியம் மிகுந்த வகைகளைப் புகைப்போரிடம், மனநோய் அபாயம் கூடுவதும் அறியப்பட்டுள்ளது. போரில் தாய் தந்தையரை இழந்து, உறக்கமிழந்து வளர்ந்த பிள்ளைகள் நிறைந்த பிரதேசத்தில் இது அலட்சியப்படுத்தக்கூடிய விடயமன்று. ஆனால் அப்பிள்ளைக்குத் தேவை மனநல வைத்தியர், பொலிஸ் நிலையமன்று. 

எமது அபிப்பிராயம் இது. சிறிதளவு வைத்திருப்போனும் கூலிக்குச் சுமந்தவனும் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கப்பட வேண்டும். சட்டபூர்வமான பயிர் வருமாயின் அது முதலீட்டாளரின் வேலிக்குள் அடைபடாது, சிறு விவசாயியின் கைக்கு வர வேண்டும். நடவாத காரியம் என்று சிலர் சிரிக்கக்கூடும். இப்பொழுது வங்காளதேசத்திலுள்ள நவகாவுன் பகுதியில் 1917இலேயே கஞ்சாப் பயிர்ச்செய்கையாளர் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. வட்டிக்காரரினதும் தரகரினதும் பிடியிலிருந்து விவசாயிகள் மீண்டனர்; இலாபத்திலிருந்து பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் வீதிகளும் பள்ளிவாசல்களும் கோயில்களும் எழுந்தன. 1980களின் பிற்பகுதியில் சர்வதேசச் சமவாயத்தின் பெயரால் அப்பயிர் நிறுத்தப்படும் வரை அது நடந்தது. வடக்கில் கூட்டுறவுக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளிறக்குவோரைத் தவறணைக் குத்தகைக்காரரிடமிருந்து மீட்டதை நினைவூட்டினால் போதும்.

மீரிகமைத் திட்டத்தின் விதி, விளைவது முழுவதும் ஏற்றுமதிக்கே என்கிறது. அவ்வேலிக்குள் விளையும் இலை எதுவும் இந்நாட்டு நோயாளிக்கு இல்லை. வவுனியாவிலோ குருணாகலிலோ இருக்கும் சுதேச வைத்தியருக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்த கஞ்சா எங்கிருந்து வருகிறது? பொலிசார் கைப்பற்றி, வழக்கு முடியும் வரை நீதிமன்றக் களஞ்சியத்தில் சான்றுப்பொருளாகக் கிடந்ததே பின்னர் மருந்துக்கு வழங்கப்பட்டு வந்தது. நான்கைந்து ஆண்டுகள் கிடந்து வீரியமிழந்த அப்பொருள் வைத்தியத்துக்குப் பயன்படாதென்று 2017இல் அமைச்சர் சேனாரத்னவே கூறினார். ஏ-9 வீதியில் பஸ்ஸை மறித்து இறக்கிய பொதியும் அவ்வாறான களஞ்சியத்துக்கே செல்லும். அதைச் சுமந்தவன் விளக்கமறியலிலும், பொதி களஞ்சியத்திலும், ஒரே வழக்கின் அடுத்த தவணையை எதிர்பார்த்துக் கிடப்பர்.